இளையபெருமாளின் முழங்கால்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு இப்போதெல்லாம் காலில் மாட்டும் கருவியே பயிற்சி தந்துவிடுகிறது. அதற்கும் வலி தீராதவர்கள் வீட்டுக்கு மட்டுமே ஆள் அனுப்புவார்கள். தனியாக வாழும் இளையபெருமாள் வலிக்கிறது என்று சொன்னதால் பிசியோதெரபிஸ்ட் பர்வீன் வந்தாள். காலை மடக்கிப் பார்த்தாள். சுலபமாக மடங்கியது.

"வலிக்குதா சார்?"

"இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். யாராவது கையப் பிடிச்சு நடத்துனா நல்லாருக்கும்னு தோணிச்சு."

அவள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, கூடத்தில் மெதுவாக நடக்க வைத்தாள்.

கிளம்பும்போது அவர் மன்னிப்புக் கேட்டார்.

பர்வீன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நானும் ஒருத்தரத் தொட்டு நடத்தி ரொம்ப நாளாச்சு. அடுத்த வாரமும் வலிக்குதுன்னே சொல்லுங்க சார்."