லா பிரான்ஸா, இன்பராணியா?

‘பொய் சொல்றீங்க அங்கிள்’ என்று வாய்வரை வந்துவிட்டது பிரேமலாவுக்கு. லியோனார்டின் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள்.

ஜொகூர் பாரு ரோஜா சங்கத்தில் தப்பான பெயர்களைத் திருத்துவது அவள் பொறுப்பு. ரெங்கம் ஊரில் இருக்கும் லியோனார்ட், விதை போட்டுத் தானே உருவாக்கிய புது ரோஜா என்று ஒரு செடிக்கு மனைவி இன்பராணியின் பெயரை வைத்திருந்தார். சங்கமும் அதை நம்பி, நாளைய கண்காட்சியில் முதல் மேசையை ஒதுக்கிவிட்டது. குட்டு உடைந்தால் மானம் போவது பிரேமலாவுக்குத்தான்.

“இதழ் வெளிப்பக்கமா சுருளுது, பூ தலை தொங்கி நிக்குது, வாசம் ஆளைத் தூக்குது. இது லா பிரான்ஸ் அங்கிள். நூத்தம்பது வருசத்துக்கு மேல பழைய ரகம். கேமரன் மலையில ஜாடியில வச்சு விக்கிறாங்க லா.”

“இது இன்பராணி,” என்றார் லியோனார்ட்.

பிரேமலா குனிந்து செடியின் அடித்தண்டைக் காட்டினாள். “விதையில வந்த செடிக்கு ஒட்டுப்போட்ட முடிச்சு எப்படி வரும்?”

அவர் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அந்த முடிச்சை மூடினார். பிரேமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் நின்ற இன்பராணியின் முகம் வெளிறிப்போயிருந்தது. “அவருக்கு ஆப்பரேசன் ஆகி இப்பதாம்மா உடம்பு தேறியிருக்கு. இன்னொரு நாள் பேசிக்கலாமே. நான் குடிக்கத் தண்ணி கலக்கிட்டு வரேன்,” என்று உள்ளே போனார்.

“கண்காட்சியில வைக்க வேணாம்மா, எடுத்துடுங்க. பேரை மட்டும் மாத்தாதீங்க,” என்றார் லியோனார்ட்.

பரிசும் வேண்டாம், பெயரையும் விடமாட்டேன் என்றால் இவர் என்ன மனிதர்? இத்தனை தூரம் கார் ஓட்டி வந்தது இந்தப் பிடிவாதத்தைப் பார்க்கத்தானா என்று அவளுக்கு அலுத்துப்போனது.

“அலமாக், தப்புன்னு தெரிஞ்சப்புறம் நான் எப்படி அங்கிள் விடுறது? உங்ககிட்ட பேசிப் பிரயோசனம் இல்ல. ஆன்ட்டிகிட்டயே சொல்லிடறேன்.”

அவள் படியேறப் போனாள். லியோனார்ட் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் வளர்த்த செடி, நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே செத்துப்போச்சும்மா.”

“அப்ப இது?”

“அவ வாங்கி நட்டது. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது.”