செவ்வாய்க்கிழமை வேட்டு

“செவ்வாக்கெழம இது சுடுமா, சுடாதா? அத மட்டும் சொல்லு தம்பி” என்று மறுபடியும் கேட்டாள் சீனித்தாய்.

காளிராஜ் நிமிரவில்லை. அவன் முன்னால் கடம்பூர் போளி வாங்கிவந்த பழைய டப்பா ஒன்று திறந்திருந்தது. உள்ளே துண்டு துண்டாக ஒரு ரிவால்வர்.

ஆளைச் சுடுவதற்கு இல்லை. செவ்வாய்க்கிழமை நடக்கும் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வன்னியபெருமாள் வீட்டுத் துப்பாக்கி வெறும் வேட்டு ஒன்று போட வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கிடாவெட்டு. தாத்தா காலத்து வழக்கம். அதற்குப் பதிலாக ஓலைவெடி போட்டால் என்ன என்று கேட்ட ஒருவர் சாமியாடியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வன்னியபெருமாளின் அப்பா துப்பாக்கியைத் துடைக்கிறேன் என்று கழற்றிப் போட்டவர், திரும்ப மாட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் மகன் பேருக்கு மாறி வருவதற்குள் நாலைந்து கொடைகள் வேட்டில்லாமல் கழிந்தன. வேட்டு இல்லாததால் வெட்டும் இல்லை. சீனித்தாய் தன் மகனுக்காக நேர்ந்துவிட்ட கிடா அப்படியே நின்றுபோயிற்று.

மகன் டிராக்டரிலிருந்து விழுந்து பிழைத்தவன். இப்போது திருப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்கு வருவான். கிடா மட்டும் அவளோடு இருந்தது. கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஊரார் காயப்போட்ட உளுந்தையும் விடாது, சுவரில் ஒட்டிய போஸ்டரையும் விடாது. நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைக்கக் கூடாது என்பதால் அதற்குப் பேர் கிடையாது. ‘ஏலே’ என்றால் வரும். கழுத்து மணி டொக்கு டொக்கென்று அடிக்க, ஆடி அசைந்து வரும்.

“இதுக்கு எரை போட்டே ஏங் காலம் போயிரும் போலருக்கு. நேர்ச்சையத் தீத்துட்டா நிம்மதியாக் கெடப்பேன்” என்று கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

காளிராஜுக்குக் கோவில்பட்டியில் லேத் பட்டறை. துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று வன்னியபெருமாள் அவனைக் காரில் கூட்டிவந்து முற்றத்தில் உட்காரவைத்திருந்தார். காலையிலிருந்து ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவைச் சுரண்டி, எண்ணெய் காட்டி மாட்டினான். உருளை சுற்றியது. விசை இழுபட்டது. தோட்டாவின் பின்னால் தட்ட வேண்டிய சுத்தி மட்டும் டப்பாவில் இல்லை.

“எம்புட்டுப் பெருசு இருக்கும்?” என்றாள் சீனித்தாய்.

“கட்டைவிரல் நீளந்தான் யக்கா. கொக்கு மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும். நடுவுல ஒரு ஓட்டை.”

அந்த வீட்டில் வாசல் தெளித்துப் பாத்திரம் கழுவுகிறவள் அவள்தான். தேடுவதற்கும் அவளே முதல் ஆளாக இறங்கினாள். பீரோவுக்கு அடியில் பெருக்கினாள், அரிசிச் சாக்கைக் கொட்டிப் புடைத்தாள், குப்பைக் குழியைக்கூடக் கிளறிவிட்டாள். வன்னியபெருமாளுக்கே சங்கடமாகிவிட்டது. போதும், வெயில் ஏறுகிறது என்று தடுத்துப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

“புதுசா ஒண்ணு செஞ்சிர முடியாதாப்பா?” என்றார் அவர்.

“அளவு தெரியாம செஞ்சா தட்டாது அண்ணாச்சி. பழசைக் கண்ணால ஒருக்கப் பாத்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள கடைஞ்சு தந்துருவேன்.”

“கோவில்பட்டியில உன்னய விட்டா ஆளு கெடையாதுன்னாவ. கடைசில நீயும் உதட்டப் பிதுக்குத.”

காளிராஜுக்குச் சுருக்கென்றது. அவன் கை வைத்து ஓடாத மிஷின் எந்தத் தீப்பெட்டி ஆபீஸிலும் கிடையாது. சாமியாடிக்குப் போன் போட வன்னியபெருமாள் உள்ளே போனதும், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி இன்னொரு தடவை பார்த்தான். போளி நெய் வாசம்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துக் கிடா வந்து, அவன் கை துடைக்க வைத்திருந்த பனியன் துணியை வாயில் கவ்வியது. துணியை இழுத்தான்; அதுவும் இழுத்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போனபோது மணி அவன் காதுக்குப் பக்கத்தில் டொக்கென்றது. வெண்கல மணி கணீரென்றல்லவா ஒலிக்கும் என்று அதைத் திருப்பிப் பார்த்தான்.

மணிக்குள்ளே நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு, கொக்கு மூக்கு மாதிரி வளைந்த இரும்பு ஒன்று தொங்கியது. நடு ஓட்டையில் சணல் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு அழுக்கேறிக் கருத்துப்போயிருந்தது.

காளிராஜ் நிமிர்ந்தான். சீனித்தாய் துடைப்பத்தோடு நின்றாள். பெருக்கவில்லை. சுடுமா சுடாதா என்றும் கேட்கவில்லை.

“என்னப்பா, ஏதும் தட்டுப்பட்டுதா?” உள்ளேயிருந்து வன்னியபெருமாள் குரல் வந்தது.

“இல்ல அண்ணாச்சி. இது சுடாது” என்றான் காளிராஜ்.

பனியன் துணியைக் கிடாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்தான். சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைத் தாண்டும்போது தணிந்த குரலில் சொன்னான்:

“மணிக்கயிறு நைஞ்சிருக்கு யக்கா, அறுந்து விழுறதுக்குள்ள மாத்திருங்க.”