பச்சைக் குண்டு

"பச்சை பூசின குண்டு குறி தவறும் எண்டு பொடியன்களுக்குச் சொன்னது நீங்கதானே, சார்ஜன்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் மஹ்ரூப்.

"ஓம் சேர்," என்றார் சுந்தரலிங்கம்.

கண்டியில், ஹந்தானை மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பொலிஸ் பயிற்சித் திடலில் ஈயக் குண்டு வார்ப்பது சுந்தரலிங்கத்தின் வேலை. துப்பாக்கிக் குழாயில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டுக்குப் பெயின்ட் பூசிச் சூடுகாட்ட வேண்டும். ஒரு தகரத்தில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை.

"சுடுற சோதனையில சிவப்பு எடுத்தவன் எல்லாம் பாஸ். பச்சை எடுத்த ஏழு பேரும் பெயில். ஏழும் சிங்களப் பொடியன்கள். யாழ்ப்பாணத்து மனுசன் குண்டுல வெளையாடுறார் எண்டு மேலுக்குப் பெட்டிசன் போயீக்கு. வருசம் எம்பத்தஞ்சு. இது எங்க போய் முடியும் எண்டு ஒங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்லத் தேவையில்லை. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில்தான் சுந்தரலிங்கத்தின் வாடகை வீடு எரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மனைவி இரஞ்சிதத்தை அகதிக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்கு அனுப்பிவிட்டு, இவர் மட்டும் உத்தியோகத்துக்காகக் கண்டியில் நின்றுவிட்டார். பிறந்த மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. இன்னும் கண்ணால் கண்டதில்லை. லீவு விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. நாலாவது மஹ்ரூபின் சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பாப்பமே," என்று மஹ்ரூப் ரிவால்வரை எடுத்தார்.

ஆறு சிவப்பு. ஆறும் இலக்கில். ஆறு பச்சை. அதுவும் ஆறும் இலக்கில், மூன்று நட்டநடுவில்.

"நெறத்துல ஒண்டுமில்லையே."

நிறத்தில் ஒன்றுமில்லை என்று சுந்தரலிங்கத்துக்குத் தெரியாதா என்ன? இரண்டும் ஒரே ஈயம், ஒரே எடை. ஆனால் தேறுகிறவனை வடக்கே சண்டைக்கு அனுப்புவார்கள். தவறுகிறவனுக்குக் கண்டியிலேயே கந்தோரில் எழுத்து வேலை. அதனால் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிடுவார்: பச்சை கொஞ்சம் விலகிப் போகும், எது வேண்டுமோ நீங்களே கேட்டு எடுங்கள். போக மனமில்லாதவன் பச்சை கேட்பான், வேண்டுமென்றே விலத்திச் சுடுவான். பழி பெயின்ட்டுக்கு. கோழை என்று ஒருவனும் பெயரெடுக்க வேண்டியதில்லை.

போகமாட்டேன் என்கிறவனை வடக்கே தள்ளுகிறார்கள். போகத் துடிக்கிற மனுஷன் இங்கே பெயின்ட் கலக்கிக்கொண்டு கிடக்கிறார். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அறைக்குத் திரும்பியதும் மஹ்ரூப் லீவு விண்ணப்பத்தை மேசையில் விரித்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தார்.

"நெறத்தால வித்தியாசமில்ல, பொடியன்கள் வேணுமெண்டு தவறினாங்க எண்டு ஒரு வரி எழுதித் தாங்க. அந்த ஏழு பேரையும் வடக்க ஏத்துறத நான் பாத்துக்கொள்றன். நாளைக்கே நீங்க ஊருக்குப் போகலாம்."

"எழுதாட்டி?"

"பிழை ஒங்கட தலையில. லீவு இல்ல. வேலையும் ஈக்குமோ தெரியாது."

இரஞ்சிதத்தின் கடைசிக் கடிதம் வந்து சேர முப்பத்தெட்டு நாள் பிடித்தது. படலை திறக்கும் சத்தம் கேட்டால் பிள்ளை 'அப்பா' என்று ஓடுகிறாளாம். தபால்காரரையும் அப்பா என்கிறாளாம். அவளை ஒரு தரம், ஒரே ஒரு தரம் தூக்கினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

பேனையை எடுத்து எழுதினார்.

'பச்சைப் பூச்சில் கோளாறு. கலந்தது நான். பிழை என்னுடையது.'

மஹ்ரூப் அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? பிள்ளைட மொகத்தப் பாக்க ஆசையில்லையா?"

"ஆசை இருக்கு சேர். அந்த ஏழு பேரின்ரை தாய்மாருக்கும் இருக்கும்தானே."

மஹ்ரூப் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். 'முடிவு நிச்சயமில்லை, இன்னும் ஒரு மாதம் சோதிக்க வேண்டும்' என்று விசாரணை அறிக்கையில் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு லீவு விண்ணப்பத்தை மடித்துத் திரும்பத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சேர், லீவு...?"

"இந்த மாசம் தர ஏலா, சார்ஜன்." மஹ்ரூபின் குரல் இறங்கிப்போயிருந்தது. "வியாழக்கெழம புதுப் பொடியன்கள் வாராங்க. அதுல எண்ட மகன் முஹைதீனும் ஈக்கிறான். நீங்க ஊருக்குப் போனா, அவனுக்குப் பச்சை ஆரு குடுக்கிற?"