யோபுவின் மனைவி சொன்னது

ஜன்னல் வெயில் போதகரின் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதால் அவர் கண்கள் தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் மடியில் பச்சைக் குழந்தை, போன வருடம் இறந்துபோன மூத்த மகளின் மஞ்சள் ஸ்வெட்டருக்குள் தூங்குகிறது. "வேதத்துல வர்ற யோபு பறிகொடுத்த ஆடுமாடெல்லாம் ரெட்டிப்பா திரும்பி வந்துச்சும்மா. புள்ளைங்க மட்டும் முன்ன மாதிரியே பத்துதான். ஏன்னா, செத்துப்போன பத்தும் பரலோகத்துல இருக்கு. கூட்டிப் பாரும்மா, அதுவும் ரெட்டிப்புதான்," என்கிறார். கணவன் தலையாட்டுகிறான், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவளுக்கோ, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு அடிப்பதுபோல் இருக்கிறது. எத்தனை வீடுகளில் இதையே வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்திருப்பாரோ. ஸ்வெட்டரில் தொங்கும் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்கிறாள்: "மறுபடியும் பத்துப் புள்ள பெத்தாளே யோபுவோட பொண்டாட்டி, அவ என்ன சொன்னா ஐயா?" போதகர் வேதாகமத்தைப் புரட்டுகிறார். மெல்லிய தாள்கள் சரசரக்கின்றன. முன்னே போகிறார், பின்னே வருகிறார், யோபு கதையின் கடைசிப் பக்கத்தில் விரல் நின்றுவிடுகிறது. மெல்லக் கண்ணாடியைக் கழற்றுகிறார். "அப்போ அவ என்ன சொன்னான்னு எழுதியே இல்லம்மா." அவர் வந்ததிலிருந்து சொன்னவற்றில் இதை மட்டும் அவள் நம்புகிறாள்.