ஆளுக்கு மூன்று செடி

அழைப்பு மணி அடித்ததும் ரோஸ்விட்டாவுக்குத் திக்கென்றது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். சந்தேகமே இல்லை, அரசாங்க ஆள்தான்.

கீழ்வீட்டு லிண்ட்னர் வாடை பொறுக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டான்!

ஜெர்மனியில் சட்டம் தெளிவாக இருந்தது. வீட்டில் வசிக்கும் வயது வந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வளர்க்கலாம். அவளும் மூன்றுதான் வளர்க்க நினைத்தாள். பட்டுப்போனால் என்ன செய்வது என்று கூடுதலாக மூன்று விதை போட்டது வினையாகிவிட்டது. ஆறும் பால்கனியில் இடுப்புயரத்துக்குத் தளதளவென்று நிற்கின்றன. முழங்கால் வலியால் பேக்கரி வேலைதான் போயிற்று. தூக்கமாவது திரும்பியது இந்தச் செடிகளால்தான். பிடுங்க மனம் வரவில்லை.

இனி பிடுங்க நேரமும் இல்லை. கதவைத் திறந்தாள்.

"ஒரு புகார் வந்திருக்கு, மேடம். வீட்டைக் கொஞ்சம் பாக்கணும்" என்று வந்தவர் அட்டையைக் காட்டினார். அதைப் படிக்கிற நிலையிலா அவள் இருந்தாள்?

"வாங்க சார், வாங்க."

அறை அறையாக எட்டிப் பார்த்தவர், பால்கனிக் கதவருகே வந்து நின்றார். செடிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இந்த வீட்ல நீங்க மட்டும்தானா?"

அவள் மனசுக்குள் கணக்கு ஓடியது. ஒரு ஆள் என்றால் மூன்று. இரண்டு ஆள் என்றால் ஆறு!

"சேச்சே! நானும் எகோனும் இருக்கோம்."

எகோன் என்று அவளுக்கு யாருமே கிடையாது. கணவன் ஹார்ட்முட் இறந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து தனிக்கட்டைதான்.

எடுத்துவைக்க மனமில்லாமல் விட்டிருந்த ஹார்ட்முட்டின் தோல் கோட்டு வாசல் கொக்கியிலேயே தொங்கியது. "இதோ பாருங்க, எகோன் கோட்டு." அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போய் ஷேவிங் செட்டைக் காட்டினாள். கட்டிலடியில் இருந்த ஷூவையும் இழுத்துக் காட்டினாள். செத்துப்போனவரின் சாமான்களை வைத்துப் பொய் சொல்கிறோமே என்று கஷ்டமாகத்தான் இருந்தது.

"எவ்ளோ நாளா இங்க இருக்காரு?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"அவரு குடியிருப்புப் பதிவை இந்த முகவரிக்கு மாத்தலையே?"

"சரியான சோம்பேறி சார்! நாளைக்கு, நாளைக்குன்னே காலத்தை ஓட்டிட்டாரு."

"வேலை?"

எகோனை உதவாக்கரை என்று நினைத்துவிட்டால்? "பெரிய லாரி ஓட்டறாரு. கை நெறயச் சம்பளம். வீட்டுச் செலவு மொத்தமும் அவருதான்!"

வந்தவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். கடைசியில் காகிதத்தை நீட்டினார். ரோஸ்விட்டா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பெரிய கண்டத்திலிருந்து தப்பிய சந்தோஷத்தில் பிளம் கேக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

"அப்போ செடிங்க ஆறும் இருக்கலாம்தானே, சார்?"

அவர் கேக்கை மரியாதையாக ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"செடியா? அதெல்லாம் போலீஸ் பாடு, மேடம். நீங்க தனியா இருக்கறதாச் சொல்லி மாசாமாசம் அரசு உதவித்தொகை வாங்கறீங்களே, அதை நிறுத்தணுமா வேண்டாமான்னு பாத்துட்டுப் போக வந்தவன் நான்."