இரண்டாவது மதிப்பீட்டாளர்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை மூன்றாவது முறையும் திரும்பி வந்திருந்தது.

"என்னவாம்?" என்றான் கணவன், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதே ஆள்தான். ரெண்டாவது மதிப்பீட்டாளர். பேர் கிடையாது, முகம் கிடையாது. குத்தம் கண்டுபிடிக்க மட்டும் பேனா இருக்கு."

"படி, கேட்போம்."

அவள் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். திரையைப் பார்த்துக் கடுகடுவென்று படித்தாள்.

"'முதல் பத்துப் பக்கமும் நூல்களை வகைப்படுத்தும் கோட்பாடு. அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கடைசியில், சில வாசகர்கள் தயங்கினார்கள் என்று ஒரே வரி. யார் அவர்கள்? எதற்குத் தயங்கினார்கள்?'"

"நியாயமாத்தானே கேட்கறார்?"

"நீ யார் பக்கம்?"

கணவன் சட்டென்று வெங்காயத்தில் மும்முரமானான்.

நூலகத்தில் 'சிறுவர் பகுதி' என்ற பலகையைக் கழற்றிவிட்டு, எளிய புத்தகங்களைப் பெரியவர்களின் அலமாரியிலேயே கலந்து வைத்திருந்தாள் அவள். விதிப்படி தப்பு. பழையபடி மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகம் உத்தரவே போட்டுவிட்டது. ஆய்விதழில் கட்டுரை வந்தாலாவது யாராவது காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது அவள் நினைப்பு.

"நீ பலகையைக் கழற்றக் காரணமா இருந்தாரே, அந்த மனுஷரைப் பத்தி எழுதேன்" என்றான் கணவன்.

"அதெல்லாம் ஆராய்ச்சியா? அவருக்கும் சங்கடமா இருக்கும்."

"கேட்டுத்தான் பாரேன்."

கேட்டாள். "எழுதுங்கம்மா. பேர் மட்டும் வேண்டாம்" என்றார் அவர்.

கோட்பாட்டை ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டு, நடந்ததை எழுதினாள்.

அவர் ஒரு காவலாளி. வாரம் தவறாமல் படக்கதைப் புத்தகம் எடுப்பார். "பொண்ணுக்கும்மா" என்பார். ஒருநாள் இவள் சும்மா இருக்காமல், "பொண்ணு எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் ஆளைக் காணவில்லை.

பெண்ணே கிடையாது, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தவர் அவரேதான் என்று அவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பிறகு இவளிடம் சொன்னார். மறுநாளே பலகையைக் கழற்றினாள். புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

வந்தார். பெரியவர்கள் அலமாரியிலிருந்து, ரயிலைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"எனக்குத்தாம்மா."

இந்த முறை கட்டுரை திரும்பவில்லை. அச்சில் வந்ததைப் பார்த்து, தலைமை அலுவலகம் உத்தரவை நிறுத்தி வைத்தது.

பிறகு ஒரு கருத்தரங்கில் இதழாசிரியரைப் பார்த்தபோது, மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

"அந்த ரெண்டாவது மதிப்பீட்டாளர் என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை மேடம். ஆள் யாருன்னு காட்டுங்க. ஒரு கும்பிடு போட்டுட்டு, நாலு வார்த்தை திட்டிட்டு வரேன்."

இதழாசிரியர் சிரித்தார்.

"யாருன்னு சொல்லக் கூடாது. ஆனா முதல் மதிப்பீட்டாளர் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம்னுட்டார். ரெண்டாவது மதிப்பீட்டாளர்தான் விடவே இல்லை. 'எழுதினவங்ககிட்ட சொல்றதுக்கு ஏதோ இருக்கு, எத்தனை தடவை வேணாலும் படிக்கறேன்'னார்."

"அப்ப கும்பிடு மட்டும் போதும்" என்றாள் நூலகர்.

"இன்னொண்ணும் இருக்கு. இதே விஷயத்தைப் பத்தி அவரே ஒரு கட்டுரை குடுத்திருந்தார். அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. உங்களுதைப் படிச்ச அன்னிக்கே அதைத் திரும்ப வாங்கிட்டார்."

"ஏன்?"

"'நான் யோசிச்சதை எழுதியிருக்கேன், இவங்க செஞ்சே பார்த்திருக்காங்க. இவங்க முதல்ல பேசட்டும்'னார்."