கம்பளியா, நைலானா?

"கம்பளி உறுத்தாதோ?"

கேட்டுவிட்டு, பாகீரதி அந்த உள்பனியனின் கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

"மொத நாளு உறுத்தும் தாயி. மறுநாளு பழகிரும்" என்றான் உக்கிரபாண்டி.

எண்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனி வெயிலில் சிம்மக்கல் தார்ரோடு இளகிக் கிடந்தது. கொடைக்கானல் சீசனுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் கம்பளிக் கடையில் காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் உக்கிரபாண்டி. அன்றைக்கு வந்த முதல் ஆளே இவள்தான்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். மகன் விச்சுவுக்குக் காலேஜ் கோஷ்டியோடு இமயமலை ஏறுவதில் பைத்தியமாம். பனியில் நடக்கிறவர்கள் சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டினாற்போல் போட்டுக்கொள்ள எது நல்லது, கம்பளியா நைலானா? இதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

"தம்பி எப்பக் கெளம்புது?"

"கிளம்பியாச்சு."

"அப்ப பார்சல்லதான் அனுப்பணும். அளவு எம்புட்டு டீச்சரம்மா?"

"முப்பத்தினாலு" என்றாள் உடனே. பிறகு, "நைலான்ல என்ன குறை? அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

உக்கிரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். கம்பளிப் பனியன்கள் இரண்டு வருஷமாகத் தேங்கிக் கிடந்தன. பூச்சி அரிப்பதற்குள் தள்ளிவிடச் சொல்லி முதலாளி தினமும் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நைலான் லேசு, தொவைச்சாச் சட்டுன்னு காயும். இல்லேங்கல. ஆனா மலை ஏறயில வேர்க்கும்ல? அந்த ஈரம் ஒடம்போட ஒட்டிக்கிரும். செத்த நின்னம்னா ஐஸாட்டம் சில்லிட்டுப் போகும். கம்பளி நனஞ்சாக்கூட சூட்ட விடாது."

"நனைஞ்சுபோய், ஒரு ராத்திரி பூரா பனியிலேயே கிடக்கும்படி ஆயிட்டா?"

இப்படி ஒரு கேள்விக்குத்தான் உக்கிரபாண்டி காத்திருப்பான். இடது காலைச் செருப்பிலிருந்து உருவி முன்னால் நீட்டினான். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் இல்லை.

"பட்டாளத்துல இருக்கயில பனி தின்னது. லடாக்குல நானும் மலையாண்டின்னு ஒரு பயலும் ரோந்து போயி, வழி தப்பிட்டோம். நான் கம்பளி, அவன் நைலான். விடிய விடிய ஒரே பாறைக்கு அடியில கெடந்தோம். நான் இந்தா ஒங்க முன்னால ஒக்காந்திருக்கேன். அவன் விடியறதுக்கு முன்னாலயே வெறச்சுப் போயிட்டான்."

அவன் பட்டாளத்தில் இருந்தது உண்மை. ஆனால் பதான்கோட்டில் லாரி ஓட்டினானே தவிர, ஒரு நாளும் பனியை மிதித்ததில்லை. விரல்கள் லாரிச் சக்கரத்தில் போனவை. மலையாண்டி என்று ஒருவன் பிறக்கவே இல்லை.

ஆனாலும் மலையாண்டி செத்த கதையைக் கேட்ட யாரும் இதுவரை நைலான் வாங்கிக்கொண்டு போனதில்லை. கொடைக்கானல் போகிற புதுமாப்பிள்ளைகள்கூட இந்த இடத்தில் "ஐயோ" என்பார்கள்.

பாகீரதி பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று உக்கிரபாண்டி மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டான்.

"ரொம்ப வலிச்சிருக்குமோ அவருக்கு?"

"வலியெல்லாம் தெரியாது டீச்சரம்மா. மரத்துப் போகும், பெறகு தூக்கம் வரும். அம்மா, அம்மான்னு மட்டும் ரெண்டு தடவ மொனகுனான்."

இந்தக் கடைசி வரியை அவன் அப்போதுதான் சேர்த்தான். பெற்றவள் வந்திருக்கிறாளே, மனசில் தைக்கட்டும் என்று நினைத்தான். தைத்துவிட்டது. அவள் கண்கள் நிறைந்துகொண்டு வந்ததைப் பார்த்து, பில் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கம்பளி போட்டிருந்தா பொழச்சிருப்பானா?"

"என்ன இப்பிடிக் கேட்டுட்டீங்க? சத்தியமாப் பொழச்சிருப்பான்!" பனியன் கட்டின் மேல் ஓங்கித் தட்டினான் உக்கிரபாண்டி. "இது ஒண்ணு அவன் மேல இருந்திருந்தா, இன்னைக்கு ஆத்தா மடியில படுத்துக் கெடந்திருப்பான்."

வெகுநாளாக விடை வராத கணக்கு ஒன்று கடைசியில் முடிந்துவிட்டதுபோல் பாகீரதி தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிரித்து வைத்திருந்த பனியனை, அதன் கை இரண்டையும் மடக்கி, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் நீவி மடித்து, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டாக் கட்டிரவா? மாத்திக்கிறதுக்கு ஆகும். விலாசத்த மட்டும் சொல்லுங்க, நானே துணியில தச்சு பார்சல் போட்டுர்றேன்."

"விலாசம் இல்லைப்பா."

சொல்லிவிட்டு வாசல்படி வரை போனாள். வெயிலில் இறங்குவதற்கு முன்னால் தயங்கி, அவன் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அவனைப் பனியிலேர்ந்து தூக்கிண்டு வந்து ரெண்டு மாசமாறது. நைலான் எடுத்துக் குடுத்தவ நான்தான்."